தொகுதிக்கு ஒதுக்கீடு உண்டு, அமைச்சரவைக்கு?

(2024 அக்டோபரில் மயிலாப்பூரில் நடந்த மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார்: "அக்கா, எம்.எல்.ஏ.வா ஜெயிச்சவங்க எப்படி மினிஸ்டர் ஆகுறாங்க? அதுக்கும் தனியா எலெக்‌ஷன் இருக்கா?" கேட்டுவிட்டு, இதுகூடத் தெரியாமல் இருக்கிறோமே என்று கொஞ்சம் கூச்சப்பட்டார். கூச்சப்பட வேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பல பேருக்கும் இது தெளிவாகத் தெரியாது. நான் இன்று பேச வந்ததும் இதைப் பற்றித்தான்.

போன மாதம் 29ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊரிலேயே ஒரு பதவியேற்பு நடந்தது. அடையாறு சிக்னலில் இருந்து சர்தார் படேல் சாலையில் போனால் காந்தி மண்டபம் தாண்டி ஆளுநர் மாளிகை வரும். அங்கே நான்கு பேர் அமைச்சர்களாக உறுதிமொழி எடுத்தார்கள். மூன்று பேர் அமைச்சரவையில் இருந்து வெளியே போனார்கள். உதயநிதி ஸ்டாலின் துணை முதல்வர் ஆனார். தொலைக்காட்சிகள் பெரும்பாலும் அதையே பேசின. ஆனால் அன்று திருவிடைமருதூர் எம்.எல்.ஏ. கோவி. செழியன் உயர்கல்வித் துறை அமைச்சர் ஆனார் என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி. அவரையும் சேர்த்து இந்த அமைச்சரவையில் தலித் அமைச்சர்கள் 4 பேர். சி.வெ. கணேசன், மதிவேந்தன், கயல்விழி செல்வராஜ் ஆகியோர் மற்ற மூவர்.

இந்த 4 என்ற எண் எங்கிருந்து வருகிறது? யார் முடிவு செய்கிறார்கள்? சட்டம் சொல்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

முதலில் நடைமுறை. 2021ஐ எடுத்துக்கொள்வோம். மே 2ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. 234 இடங்களில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். தி.மு.க. சின்னத்தில் 133 பேர் வென்றார்கள். மே 4ஆம் தேதி தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயத்தில் அந்த எம்.எல்.ஏ.க்கள் கூடி, மு.க. ஸ்டாலினைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் அவர் ஆளுநரைச் சந்தித்து ஆட்சி அமைக்க உரிமை கோரினார். மே 6ஆம் தேதி அமைச்சர்கள் பட்டியல் வெளியானது. மே 7ஆம் தேதி பதவியேற்பு. முதல்வரோடு சேர்த்து 34 பேர்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எம்.எல்.ஏ.க்கள் எம்.எல்.ஏ.க்களாக உறுதிமொழி எடுத்தது மே 11ஆம் தேதி, கலைவாணர் அரங்கத்தில். அதாவது சட்டமன்றம் கூடும் முன்பே அமைச்சரவை வந்துவிட்டது. நாம் ஓட்டுப் போட்டது எம்.எல்.ஏ.வுக்கு. எம்.எல்.ஏ.க்கள் கை தூக்கியது ஒரு தலைவருக்கு. மற்ற 33 பேரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தத் தலைவர் எழுதிய பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. தங்கச்சி கேட்ட கேள்விக்குச் சுருக்கமான பதில் இதுதான்: அமைச்சர் ஆவதற்குத் தேர்தல் கிடையாது, பட்டியல்தான் உண்டு.

அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது கூறு இதைச் சொல்கிறது. முதல்வரை ஆளுநர் நியமிப்பார். மற்ற அமைச்சர்களை முதல்வரின் ஆலோசனைப்படி ஆளுநர் நியமிப்பார். ஆலோசனை என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது ஆளுநரைக் கட்டுப்படுத்தும் ஆலோசனை. இந்த ஆண்டு மார்ச்சில் பொன்முடிக்கு மீண்டும் பதவிப் பிரமாணம் செய்துவைக்க ஆளுநர் ஆர்.என். ரவி மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கடுமையாகக் கேட்ட மறுநாள், மார்ச் 22ஆம் தேதி, அதே மாளிகையில் பிரமாணம் நடந்தது. பட்டியல் முதல்வருடையது, ஆளுநருடையது அல்ல. இது மக்களாட்சிக்கு நல்லது. டெல்லி அனுப்பிய ஒருவர் நம் அமைச்சர்களைப் பொறுக்கி எடுக்க விடக் கூடாது. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அந்தப் பட்டியலுக்குச் சட்டம் என்னென்ன வரம்பு போட்டிருக்கிறது? ஒன்று, எண்ணிக்கை. 2003இல் வந்த 91ஆவது திருத்தப்படி, முதல்வரையும் சேர்த்து அவையின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. 234இல் 15 விழுக்காடு 35.1. ஆக 35 பேர். போன மாதம் மூன்று பேர் போய் நான்கு பேர் வந்ததும் அந்த 35 சரியாக நிரம்பிவிட்டது. இனி ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்றால் இன்னொருவரை எடுக்க வேண்டும்.

இரண்டு, உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாதவரும் அமைச்சராகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். இந்த விதிக்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். 1967இல் அண்ணா வென்றது சட்டமன்றத் தொகுதியில் அல்ல, நம் தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். மார்ச் 6ஆம் தேதி முதல்வரானார். பிறகு எம்.பி. பதவியை விட்டு மேலவை உறுப்பினரானார். தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராசர் 1954இல் முதல்வரானபோது எம்.பி.யாக இருந்தார். அதன் பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்று சட்டமன்றத்துக்கு வந்தார். 2001இல் வேட்புமனு தள்ளுபடியான நிலையில் ஜெயலலிதா முதல்வரானார். தேர்தலில் நிற்கத் தகுதியில்லாதவர் இந்த ஆறு மாத வழியில் வர முடியாது என்று சொல்லி, செப்டம்பர் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, தகுதிக்கு வரம்பு உண்டு. அமைச்சரவையில் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்பதற்கு? ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. சட்டமன்றத்தில் 44 தனித்தொகுதிகள், பழங்குடியினருக்கு ஏற்காடும் சேந்தமங்கலமும். 44 என்பது 234இல் கிட்டத்தட்ட 19 விழுக்காடு. இதை அரசமைப்புச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது, எந்தக் கட்சியாலும் குறைக்க முடியாது. அமைச்சரவையில் 35க்கு 4. 11 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. மக்கள்தொகை விகிதப்படி 7 வர வேண்டும். 2021இல் தொடங்கும்போது 3 பேர்தான். மூன்று ஆண்டு கழித்து ஒன்று கூடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நான்கு பேரும் எங்கிருந்து வந்தவர்கள்? திருவிடைமருதூர், திட்டக்குடி, இராசிபுரம், தாராபுரம். நான்கும் தனித்தொகுதிகள். சட்டம் கட்டாயப்படுத்தித் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் நான்கு பேரும் வந்திருக்கிறார்கள். சென்னையில் 16 தொகுதி, அதில் எழும்பூர், திரு.வி.க. நகர் இரண்டு மட்டுமே தனி. மயிலாப்பூர், தி.நகர், சைதாப்பேட்டை, வேளச்சேரி, விருகம்பாக்கம் எதுவும் தனி இல்லை. இங்கே சேரிகள் இல்லையா? கரையோரக் குடியிருப்புகள் இல்லையா? இருக்கின்றன. அங்கிருந்து ஒரு பிள்ளை அமைச்சராக வேண்டும் என்றால், பொதுத்தொகுதியில் ஒரு பெரிய கட்சி அவருக்கு சீட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலும் தலைவர் எழுதுகிற பட்டியல்தான்.

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். 1947இல் அவர் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்காக ஒரு திட்டம் தயாரித்தார். 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற பெயரில் நமக்குக் கிடைக்கிறது. அதில் அமைச்சரவை எப்படி அமைய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிரதமரை முழு அவையும் தேர்ந்தெடுக்கட்டும். அமைச்சரவையில் சிறுபான்மையினரின் பிரதிநிதிகளை அவையில் இருக்கும் அந்தந்தச் சிறுபான்மை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். சிறுபான்மை என்று அவர் சொன்னதில் பட்டியல் சாதியினரும் அடக்கம். அதாவது, பெரும்பான்மையின் தலைவர் தனக்குப் பிடித்த ஒரு தலித்தை எடுத்து வைத்துக்கொள்வது பிரதிநிதித்துவம் ஆகாது என்பது அவர் நிலைப்பாடு.

அது ஏற்கப்படவில்லை. அரசமைப்பின் வரைவில் ஒரு மெல்லிய ஏற்பாடு மட்டும் இருந்தது. ஆளுநர்களுக்கான அறிவுறுத்தல்கள் அடங்கிய ஓர் அட்டவணை. அமைச்சரவை அமையும்போது முக்கியமான சிறுபான்மைச் சமூகத்தினரும் முடிந்த வரை இடம்பெற முயல வேண்டும் என்று அதில் இருந்தது. 1949 அக்டோபரில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது. அதன் பிறகு சட்டத்தில் மிஞ்சியது முதல்வரின் பேனா.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் பழங்குடியினர் நலனுக்கென ஓர் அமைச்சர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அதே 164ஆவது கூறு சொல்கிறது. அந்த அமைச்சர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்லவில்லை.

சட்டம் சொல்லாவிட்டால் என்ன, இது பெரியார் மண், மரபு பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அந்த மரபைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். இங்கிருந்து பேருந்தில் தி.நகர் போனால் பனகல் பூங்கா. தி.நகர் தியாகராயர் பெயர். பூங்கா பனகல் அரசர் பெயர். 1920இல் முதல் தேர்தலில் வென்ற நீதிக்கட்சியின் சார்பில் அமைச்சரவை அமைக்க ஆளுநர் தியாகராயரை அழைத்தார், அவர் மறுத்தார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர், அவருக்குப் பின் பனகல் அரசர். வகுப்புவாரி உரிமைக்கு முதல் அரசாணை வந்தது அந்தக் காலத்தில்தான். அதை நாம் மறக்க மாட்டோம். அதே நேரம், 1920 முதல் 1926 வரையிலான நீதிக்கட்சி அமைச்சரவைகளில் ஒரு தலித்தும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தது உறுப்பினராகத்தான், அமைச்சராக அல்ல. அமைச்சர் நாற்காலி எம்.சி. ராஜாவுக்குக் கிடைத்தது 1937இல், மூன்று மாதமே நீடித்த ஓர் இடைக்கால அமைச்சரவையில். 17 ஆண்டுகள். அதே ஆண்டு ஜூலையில் வந்த காங்கிரஸ் அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமி பிள்ளைக்கு வேளாண்மை கிடைத்தது.

இலாகா என்ற இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எண்ணிக்கை பாதிக் கதைதான். 1954இல் காமராசர் தன் அமைச்சரவையில் பரமேஸ்வரன் என்ற தலித் தலைவரிடம் இந்து அறநிலையத் துறையைக் கொடுத்தார். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். ஏழே ஆண்டுகள். அதுவரை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கோயில்களின் கோப்புகளில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தார். இந்தக் கூட்டம் நடக்கும் இடத்தில் இருந்து கபாலீசுவரர் கோயில் கோபுரம் தெரிகிறது. என் அம்மா மாட வீதிகளில் பாத்திரம் தேய்த்தவர். கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நியமனம் ஞாபகம் வரும். 1963இல் இருந்து 1967 வரை கக்கன் உள்துறை அமைச்சர். காவல்துறை ஒரு தலித் அமைச்சரின் கீழ் இருந்தது.

1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் 9 பேர். அதில் சத்தியவாணி முத்து ஒருவர். அவரிடம் இருந்தது அரிசன நலமும் செய்தித் துறையும். 1974இல் அவர் அமைச்சரவையில் இருந்து விலகி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கினார். தலித்துகள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதன் பிறகு கட்சிகள் மாறி மாறி ஆண்டும் ஒரு வழக்கம் மாறவில்லை. ஆதிதிராவிடர் நலத்துறை என்றால் தலித் அமைச்சர். இப்போதும் பாருங்கள், கயல்விழியிடம் இருந்த அந்தத் துறை மதிவேந்தனிடம் போனது. சுற்றிச் சுற்றி நால்வருக்குள்தான் வருகிறது. நம் மக்களின் விடுதியையும் உதவித்தொகையையும் நம்மவர் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நம் மக்களின் வாழ்க்கை அந்த ஒரு துறைக்குள் மட்டுமா இருக்கிறது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மந்தைவெளிப் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். படிக்கத் தெரிந்ததால் தெருவுக்கே மனு எழுதுவேன். ஒரு முறை சாக்கடை அடைப்புக்கும் பட்டாவுக்கும் அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் நிலம் எங்களுடையது, வீடு எங்களுடையது இல்லை என்றார்கள். அடுத்ததில் வீடு எங்களுடையது, நிலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றார்கள். மூன்றாவதில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆதிதிராவிடர் நலத்துறைக்குப் போகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஏனென்றால் எங்கள் பிரச்சினை எதுவும் அங்கே இல்லை.

2022 மே மாதம் இதே மயிலாப்பூர்த் தொகுதியில், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி இடித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் முதல்வர் எழுந்து, மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தரப்படும், இனி மக்களிடம் கருத்துக் கேட்டுத்தான் செய்வோம் என்றார். அந்தக் கால்வாய் நீர்வளத் துறை. நிலப் பதிவு வருவாய்த் துறை. மாற்று வீடு வாரியம். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் உள்துறை. நான்கு கோப்பு, நான்கு மேசை. அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் கதி இந்த நான்கு மேசைகளில் முடிவாகிறது. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் நம் மக்களை அனுப்பியது இந்த மேசைகளில் போட்ட கையெழுத்துகள்தான். இந்த மேசைகளில் எதிலாவது ஒரு தலித் அமைச்சர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்பது பேராசை ஆகுமா?

ஒரு தோழர் எதிர்க்கேள்வி கேட்பார், நான் எதிர்பார்க்கிறேன். தலித் அமைச்சர் உட்கார்ந்தால் மட்டும் இடிக்காமல் விட்டுவிடுவாரா? கூட்டுப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே? உண்மை. அமைச்சரவை மொத்தமும் சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. முடிவு பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அல்லது வெளியே வர வேண்டும். அதோடு, 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தனித்தொகுதி உறுப்பினரையும் எல்லாச் சாதி வாக்காளர்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த முறை சீட்டு வேண்டுமே என்ற பயம் அவருக்கும் உண்டு. எனவே ஒரு முகம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அம்பேத்கரையே பாருங்கள். 1951இல் ஒன்றிய அமைச்சரவையில் இருந்து விலகியபோது அவர் கொடுத்த அறிக்கையில், இந்துச் சட்ட மசோதாவோடு சேர்த்து இன்னொரு காரணமும் சொன்னார். தனக்குச் சட்டத் துறையைத் தவிர நிர்வாகத் துறை எதுவும் தரப்படவில்லை, முக்கியமான அமைச்சரவைக் குழுக்களில் சேர்க்கப்படவில்லை என்றார். நாட்டுக்கே அரசமைப்பு எழுதிக் கொடுத்தவர். அவர் பதவி ஆசையில் அப்படிப் பேசவில்லை. எந்த மேசையில் உட்காருகிறோம் என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது என்று அறிந்து பேசினார். ஏன் இடிக்கிறீர்கள் என்று கோப்பில் ஒரு வரி எழுத அந்த மேசை வேண்டும். அப்படி எழுதாத அமைச்சரை, ஏன் எழுதவில்லை என்று நாம் பெயர் சொல்லிக் கேட்க முடியும். இப்போது யாரைக் கேட்பது?

உயர்கல்வித் துறை கோவி. செழியனிடம் வந்ததை இந்தக் காரணத்துக்காகத்தான் நான் வரவேற்கிறேன். துணைவேந்தர் நியமனம், பேராசிரியர் பணியிடம், கல்லூரிக் கட்டணம் எல்லாம் போகும் மேசை அது. மூன்று முறை வென்ற ஒருவருக்கு அது சலுகையும் அல்ல. ஆனால் இது ஒரு முதல்வர் நினைத்ததால் நடந்தது. இன்னொரு நாள் இன்னொரு முதல்வர் நினைத்தால் மாறிவிடும்.

என்ன செய்யலாம்? அரசமைப்புத் திருத்தம் கேட்கலாம், கேட்க வேண்டும். 15 விழுக்காடு என்று மேல்வரம்பு எழுத முடிந்த 164ஆவது கூறில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கீழ்வரம்பு எழுத முடியாதா? அது டெல்லியில் நடக்க வேண்டிய வேலை, நாளாகும்.

ஆனால் 2026இல் நமக்குத் தேர்தல் வருகிறது. கட்சிகள் எல்லாவற்றுக்கும் வாக்குறுதி கொடுக்கின்றன. வென்றால் 35 பேரில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று தேர்தல் அறிக்கையில் எழுதச் சொல்வோம். நிதி, உள்துறை, வருவாய், நீர்வளம், வீட்டுவசதி இந்த ஐந்தில் ஒன்றாவது தலித் அமைச்சரிடம் இருக்குமா என்று கேட்போம். பொதுத்தொகுதியில் எத்தனை தலித்துகளுக்கு சீட்டு என்று கேட்போம், இந்தத் தென்சென்னைத் தொகுதிகளில் இருந்தே தொடங்கலாம். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. அரசு இணையதளத்தில் அமைச்சர்களின் இலாகாப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பார்க்கும் பொருள்கள் எல்லாம் இருக்கும். அதை அச்செடுத்து வாருங்கள். அவரவர் தெருவில் உள்ள மூன்று பிரச்சினைகளை எழுதி, எது எந்த அமைச்சரின் மேசைக்குப் போகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு பேசுவோம். கேள்வி கேட்ட தங்கச்சிதான் முதலில் பேச வேண்டும்.